டர்பனில் செகண்ட்ஹேண்ட் கார் வாங்குகிறவர்களே, அந்த 6,500 ராண்டைக் கட்டுவதற்கு முன் படியுங்கள்

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன், ஆறினால் பாதி விட்டுப்போகும். தென்னாப்பிரிக்காவுக்கு வேலைக்கு வந்து, முதல் முறையாக இங்கே கார் வாங்கப் போகிற நம் ஆட்களுக்காகத்தான் இது.

டீலர்ஷிப்பின் பெயரைப் போடவில்லை. சாலையோரம் கொடி கட்டி, முன் கண்ணாடியில் விலையை எழுதி வரிசையாகக் கார் நிறுத்தியிருப்பார்களே, அந்த மாதிரிக் கடைகளில் ஒன்று. காரில் குறை இல்லை, நன்றாக ஓடுகிறது. ஆனால் ஓட்ட முடியவில்லை, ஏனென்றால் காகிதம் இல்லை.

காரின் விலை போக, பில்லில் 'ஆன் தி ரோடு' என்று தனியாக ஒரு வரி, 6,500 ராண்ட். இதில் என்னென்ன சேரும் என்று கேட்டேன். ரெஜிஸ்ட்ரேஷன், லைசன்ஸ் டிஸ்க் (முன் கண்ணாடியில் ஒட்டும் உரிமச் சீட்டு), நம்பர் பிளேட், ரோட்வர்தி சான்றிதழ் (வண்டி சாலையில் ஓடத் தகுதியானது என்ற சான்று), ஆபீசுக்கு அலையும் ரன்னரின் கூலி எல்லாம் அடக்கம் என்றார் விற்பனையாளர்.

அவரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கரும்புத் தோட்ட வேலைக்கு நேட்டாலுக்கு வந்தவர்களின் வழியில் வந்த குடும்பம். தமிழ் பேச வராது, ஆனால் உள்ளே நுழைந்ததும் "வணக்கம் அண்ணா" என்றார். நெற்றியில் விபூதி. தைப்பூசத்துக்குக் காவடி எடுப்பேன் என்று போனில் படம் காட்டினார். என் மனைவியை அக்கா என்று கூப்பிட்டு டீ வரவழைத்தார். நாங்கள் காசைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தபோது அவர் ஆங்கிலத்தில் சொன்னது அப்படியே நினைவிருக்கிறது: "லைசன்சிங் ஆபீஸ் கியூவுல நீங்க ஏன் அண்ணா நிக்கணும்? எங்க ரன்னர் தினமும் போறான். ஒரே வாரத்துல டிஸ்க் உங்க கையில." அந்த இடத்திலேயே போனை எடுத்து வங்கிக் கணக்கிலிருந்து இஎஃப்டி செய்து பணத்தை அனுப்பினேன். காருக்கான பணத்தோடு அந்த 6,500 ராண்டும் போய்ச் சேர்ந்தது.

டர்பனில் இந்திய வம்சாவளியினர் நிறைய வாழும் சாட்ஸ்வொர்த்தில், கோயிலில் எங்களுக்கு வீடு பார்த்துக் கொடுத்தவர்களும், பிள்ளைக்குப் பள்ளி சொன்னவர்களும் இதே மாதிரி அண்ணா என்று கூப்பிட்டவர்கள்தான். அவர்கள் ஒருவரும் ஒரு சென்ட் வாங்கவில்லை. அந்த உறவின் பெயரைச் சொல்லி இந்த ஆள் பணம் பிடுங்கியதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

தற்காலிக விசாவில் இருக்கும் வெளிநாட்டுக்காரர்களுக்கு இங்கே அடையாள எண் கிடையாது. அதற்குப் பதில் டிராஃபிக் ரெஜிஸ்டர் எண் இருந்தால்தான் வண்டியை நம் பெயருக்கு மாற்ற முடியும். அது என்னிடம் ஏற்கெனவே இருந்தது. அந்தச் சான்றிதழ், பாஸ்போர்ட், விசா நகல், வாடகை ஒப்பந்தம் எல்லாவற்றையும் அன்றே கொடுத்தேன். அவர்கள் கொடுத்தது 21 நாள் செல்லும் தற்காலிக பெர்மிட்.

வாரம் போனது, டிஸ்க் வரவில்லை. போன் செய்தால் "சிஸ்டம் ஆஃப்லைன் அண்ணா, நாடு முழுக்க அப்படித்தான்." அப்புறம் ரன்னருக்கு உடம்பு சரியில்லை. அப்புறம் உங்கள் டிராஃபிக் ரெஜிஸ்டர் சான்றிதழ் எங்களுக்கு வரவே இல்லை. வாட்ஸ்ஆப்பில் நான் அனுப்பியதும், அவர்கள் பார்த்ததற்கான நீலக் குறியும் இருக்கிறது, அதைக் காட்டினால் "அட்மின் மேடத்துகிட்ட பேசுங்க." அட்மின் மேடம் எப்போதும் மீட்டிங்கில். பெர்மிட் காலாவதியானதும் இன்னொன்று எழுதிக் கொடுத்தார்கள், அதுவும் முடிந்தது. பிள்ளையைப் பள்ளியில் விட்டுத் திரும்பும்போது ரோட்பிளாக்கில் நிறுத்தி அபராதச் சீட்டு கொடுத்தார்கள். கடைக்குப் போன் செய்து சொன்னேன். "பெர்மிட் முடிஞ்சா ஓட்டக் கூடாது அண்ணா." இதைச் சொன்னதும் அதே விபூதி ஆள்தான்!

ஒரு நாள் காலையில் மறுபடியும் சிஸ்டம் ஆஃப்லைன் என்றார்கள். லீவு போட்டு நானே லைசன்சிங் ஆபீசுக்குப் போனேன். கவுன்டர் எல்லாம் வேலை செய்துகொண்டிருந்தது. அங்கிருந்த அம்மா கணினியில் பார்த்துவிட்டு, இந்த வண்டி இன்னும் பழைய உரிமையாளர் பெயரிலேயே இருக்கிறது, மாற்றச் சொல்லி எந்த விண்ணப்பமும் வரவில்லை என்றார். ஒரு காகிதம்கூட உள்ளே போகவில்லை! ரோட்வர்தி சான்றிதழ் 60 நாள்தான் செல்லும், அதையும் கடந்துவிட்டது, புதிதாக எடுங்கள் என்றும் சொன்னார்.

நேராகக் கடைக்குப் போனேன். மேனேஜர் என்னை உட்காரச் சொல்லவில்லை. புது ரோட்வர்திக்கு நான்தான் காசு கட்ட வேண்டுமாம். அப்படியானால் என் 6,500 ராண்ட் எங்கே என்றேன். பில்லின் அடியில் பொடி எழுத்தில் 'திருப்பித் தரப்படாது' என்று இருக்கிறதாம். செய்யாத வேலைக்கு 6,500 ராண்ட்! என் பின்னால் வேறொரு இளம் தம்பதிக்கு அந்த விற்பனையாளர் டீ ஊற்றிக்கொண்டிருந்தார்.

அவசரமாகச் சிலவற்றைச் சொல்கிறேன். வண்டி கைமாறிய 21 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டிய பொறுப்பு சட்டப்படி புது உரிமையாளருடையது. கடை தாமதித்தாலும் தண்டம் நம் தலையில்தான் விழும். அதனால் 'ஆன் தி ரோடு' தொகையைப் பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள். மறுத்தால், உரிமைமாற்றப் படிவத்தையும் பதிவுச் சான்றிதழையும் கையில் வாங்கிக்கொண்டு நீங்களே போய்ப் பதியுங்கள், கியூவில் நின்றாலும் பரவாயில்லை. எல்லாப் பேச்சையும் எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள். 2008-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 54-ஆம் பிரிவு, ஒப்புக்கொண்ட சேவையை உரிய நேரத்தில் முடிக்கச் சொல்கிறது. கடையில் தீராவிட்டால் மோட்டார் தொழில் ஆம்புட்ஸ்மனிடம் (குறைதீர்ப்பாளர்) புகார் கொடுக்கலாம். 20,000 ராண்ட் வரை உள்ள வழக்கைச் சிறு உரிமைகோரல் நீதிமன்றத்தில் வக்கீல் இல்லாமலே நடத்தலாம், ஆனால் முதலில் 14 நாள் கெடு கொடுத்துக் கடிதம் அனுப்ப வேண்டும்.

என் கடிதம் இன்று காலை போய்விட்டது. 6,500 ராண்டும் அபராதத் தொகையும் கேட்டிருக்கிறேன். இதே போல் மாட்டிக்கொண்டவர்கள் யாராவது இருந்தால் பில்லோடு எனக்கு எழுதுங்கள், சேர்ந்தே போவோம்.