புலாவ் பூரோங், புக்கிட் தாகார்: எந்தக் குப்பைக் கிடங்கு முறை எங்கே பொருந்தும்?

மலேசியாவின் பினாங்குக் குப்பை போய்ச்சேரும் புலாவ் பூரோங் கிடங்கு கடலோரக் களிமண்ணில் அமைந்தது. அரைக் காற்றோட்ட முறை. அடியில் ஜல்லி சூழ்ந்த பெரிய குழாய்கள் உண்டு. அவற்றின் வாய் வெளிக்காற்றுக்குத் திறந்திருக்கும். குப்பை அழுகும் சூட்டில் வாயு மேலே எழ, கீழிருந்து காற்று தானாக உள்ளே இழுபடும். மீத்தேன் குறையும், கசிவுநீரின், அதாவது குப்பையிலிருந்து வடியும் அழுக்கு நீரின், வீரியமும் இறங்கும். மோட்டார் தேவையில்லை. ஆனால் குழாய் வாய் கசிவுநீர்க் குட்டையில் மூழ்கினாலோ சேறு அடைத்தாலோ காற்று நின்றுவிடும். அப்புறம் அது சாதாரண குப்பை மேடுதான். நம்மூர் மழையில் இந்த முறைக்கு இதுவே முதல் சோதனை. களிமண் நீரைத் தடுக்கும், ஆனால் மென்மையானது. அதன்மேல் குப்பையை அவசரமாக உயர்த்தினால் சரிவு நழுவும்.

கோலாலம்பூர்க் குப்பை தாமான் பெரிங்கின் இடைமாற்று நிலையத்தில் அமுக்கப்பட்டு, 2005 முதல் உலு சிலாங்கூரின் புக்கிட் தாகாருக்குப் போகிறது. அங்கே கசிவுநீரைத் தடுக்க அடியில் பிளாஸ்டிக் விரிப்பு, வாயுவைச் சேகரிக்கும் கிணறு, அதை எரித்து மின்சாரம் எடுக்கும் எஞ்சின். விரிப்பை ஒரு கூர்க்கல் கிழித்தாலே போதும், மேலே குப்பை ஏறியபின் சரிசெய்ய வழியில்லை.

செலவுக்கும் ஆளுக்கும் தட்டுப்பாடென்றால் முதலாவதே மேல். நாளுக்கு ஆயிரக்கணக்கான டன் வந்தால் இரண்டாவது. இரண்டிலும் தினசரி 15 செ.மீ. மண் மூட வேண்டும். களிமண்ணால் மூடினால் மறுநாள் சுரண்டிவிட்டுக் கொட்டுங்கள், இல்லையேல் தண்ணீர் இடையில் தேங்கிப் பக்கவாட்டில் கசியும்.