“ஏஐ சதவீதம் குறைத்துத் தரப்படும்”: பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

பிஎச்.டி. மாணவர்கள் இருக்கும் வாட்ஸ்அப் குழுக்களில் இந்த விளம்பரம் ஓயாமல் வருகிறது: ‘ஏஐ, பிளேஜியரிசம் இரண்டையும் குறைத்து, டர்னிடின் ரிப்போர்ட்டுடன் தருகிறோம்.’ கட்டுரையில் காப்பியடித்தது (பிளேஜியரிசம்) எவ்வளவு, ஏஐ எழுதியது எவ்வளவு என்று கணித்துச் சொல்லும் மென்பொருள்தான் டர்னிடின். தீசிஸ் கொடுக்கும் தேதி நெருங்கும்போது பார்த்தால் யாருக்கும் கை நீளும். பணம் கட்டியவர்களுக்குத் திரும்பி வருவது என்ன என்பதைப் பார்ப்போம்.

யாரும் உட்கார்ந்து உங்கள் கட்டுரையைத் திருத்துவதில்லை. ஒரு மென்பொருளில் கொட்டி, சொல்லுக்குச் சொல் வேறு சொல் போட்டு எடுக்கிறார்கள். சாதாரண வாக்கியத்தில் அது வெறும் கோணல் நடையாகத் தெரியும். துறைச்சொல்லில் கைவைத்தால் கட்டுரையே போய்விடும். ‘ஆர்ட்டிஃபிஷியல் இன்டெலிஜென்ஸ்’ என்பது ‘கவுன்ட்டர்ஃபிட் கான்ஷியஸ்னெஸ்’ (போலி உணர்வு) ஆகிறது. ‘பிரெஸ்ட் கேன்சர்’ என்பது ‘பூஸம் பெரில்’ (மார்பு ஆபத்து) ஆகிறது. இவை கற்பனை இல்லை. கியோம் கபானக், சிரில் லபே, அலெக்ஸாண்டர் மகசினோவ் என்ற மூன்று ஆய்வாளர்கள் அச்சான ஆய்விதழ்களிலிருந்தே எடுத்துக் காட்டியவை. இத்தகைய சொற்றொடர்களை வெளியான கட்டுரைகளில் சலித்தெடுக்கவே கபானக்கின் குழு ஒரு மென்பொருளை ஓடவிட்டிருக்கிறது. எனவே ரிவியூவர் கண்ணில் படாமல் தப்பிய கட்டுரையும் அச்சேறிய பிறகு மாட்டும்.

அடுத்தது மேற்கோள்கள். ‘லிட்ரேச்சர் ரிவியூவும் சேர்த்து எழுதித் தருகிறோம்’ என்றால் கட்டாயம் சந்தேகப்படுங்கள். ஏஐ உண்டாக்கும் பொய் மேற்கோளில் ஆசிரியர் பெயர் நிஜமாக இருக்கும், ஆய்விதழ் நிஜமாக இருக்கும். அந்தத் தலைப்பில் மட்டும் கட்டுரையே இருக்காது. டிஓஐ எண்ணும் (ஒவ்வொரு கட்டுரைக்கும் தரப்படும் இணைய அடையாள எண்) சில சமயம் வேலை செய்யும், ஆனால் வேறு யாரோ எழுதிய கட்டுரையில் போய் நிற்கும். அதனால் எண் திறக்கிறதா என்று பார்ப்பது போதாது. ஒவ்வொன்றையும் திறந்து தலைப்பு, ஆண்டு, தொகுதி, பக்க எண் நான்கும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். சலிப்பான வேலைதான், அதை வேறு யாரிடமும் விடாதீர்கள்.

பலரும் எதிர்பார்க்காத அடி அந்த ரிப்போர்ட்டிலேயே இருக்கிறது. ஏஜென்சி எங்கோ ஒரு கல்லூரியின் டர்னிடின் கணக்கில் உங்கள் கட்டுரையை ஏற்றுகிறது. ஏற்றும்போது ‘நோ ரெபாசிட்டரி’ என்று தேர்வு செய்யாவிட்டால் கட்டுரை டர்னிடின் சேமிப்பில் தங்கிவிடும். பிறகு உங்கள் பல்கலைக்கழக நூலகம் சோதிக்கும்போது, உங்கள் கட்டுரை உங்கள் கட்டுரையோடே ஒத்துப்போய் 90 சதவீதத்துக்கு மேல் காட்டும். ரிப்போர்ட்டின் முதல் வரியில் ‘சப்மிட்டட் டு’ என்று முன்பின் தெரியாத ஒரு கல்லூரியின் பெயர் நிற்கும். யுஜிசியின் 2018 விதிகளில் இப்படி ஒத்துப்போவது 10 சதவீதம் வரை இருந்தால் தண்டனை இல்லை. தீசிஸில் 60-ஐத் தாண்டினால் பதிவையே ரத்து செய்யலாம். ‘அது என் கட்டுரைதான்’ என்று நிரூபிக்கலாம். ஆனால் அந்தக் கல்லூரிக்கு அது எப்படிப் போனது என்று கைடு கேட்டால் என்ன சொல்வீர்கள்?

இன்னொன்று: டர்னிடினின் இப்போதைய ஏஐ ரிப்போர்ட் 1 முதல் 19 சதவீதம் வரை எண்ணைக் காட்டாது, நட்சத்திரக் குறி மட்டும் போடும். ‘ஏஐ 4%’ என்று எண்ணோடு ஒரு தாளை நீட்டினால் அது எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள்.

அந்த ஏஐ சதவீதத்தைப் பார்த்து இவ்வளவு பயப்படுவதே தேவையில்லாதது. ஓப்பன்ஏஐ நிறுவனமே 2023 ஜனவரியில் கொண்டுவந்த கண்டறியும் கருவியைத் துல்லியம் போதவில்லை என்று ஜூலையில் நிறுத்திவிட்டது. அதே ஆண்டு ஸ்டான்ஃபோர்ட் ஆய்வாளர்கள், ஆங்கிலம் தாய்மொழி அல்லாதவர்கள் எழுதிய 91 டோஃபல் (ஆங்கிலத் திறன் தேர்வு) கட்டுரைகளை ஏழு கண்டறியும் கருவிகளில் போட்டார்கள். சராசரியாக 61 சதவீதத்தை ஏஐ எழுதியதாக அவை தவறாகச் சொல்லின. நம் மாணவர்களின் ஆங்கிலத்துக்கும் அதே அநியாயம் நடக்கலாம். அதற்கு மருந்து உங்கள் கையெழுத்துக் குறிப்புகள், தேதியோடு சேமித்த பழைய வரைவுகள். அவற்றை அழிக்காதீர்கள்.

மொழியைத் திருத்த ஏஐயைப் பயன்படுத்துவதைப் பெரிய பதிப்பகங்கள் தடுக்கவில்லை. ஏஐயை ஆசிரியராகப் போடக்கூடாது என்று, ஆய்வு வெளியீட்டு நெறிமுறைகளைக் கவனிக்கும் கோப் (COPE) அமைப்பு 2023 பிப்ரவரியிலேயே சொல்லிவிட்டது. எல்செவியர் பதிப்பகம், எந்தக் கருவி, எதற்காக என்று மேற்கோள் பட்டியலுக்கு முன் ஒரு அறிவிப்புக் கேட்கிறது. வெறும் எழுத்துப்பிழை, இலக்கணச் சோதனைக்கு அதுவும் தேவையில்லை. நீங்களே எழுதி, ஒவ்வொரு பத்தியாகத் திருத்தக் கொடுங்கள். வந்ததை வேர்டில் ‘கம்பேர்’ போட்டுப் பழையதோடு ஒப்பிடுங்கள். ‘மே இண்டிகேட்’ (காட்டக்கூடும்) என்று நீங்கள் அடக்கமாக எழுதியது ‘டெமான்ஸ்ட்ரேட்ஸ்’ (நிரூபிக்கிறது) என்று மாறியிருக்கும். ஒரு ‘நாட்’ காணாமல் போனாலும் முடிவு தலைகீழாகிவிடும்.

ஏற்கனவே பணம் கட்டி, கட்டுரை ரிவியூவில் இருந்தால் இன்றே கைடிடம் சொல்லி, எடிட்டருக்கு எழுதித் திரும்பப் பெறுங்கள். வெளியான பின் ரிட்ராக்ட் ஆனால், அதாவது ஆய்விதழே அதை வாபஸ் வாங்கினால், பிடிஎஃப்-இல் அந்த முத்திரை உங்கள் பெயரோடு இணையத்தில் கிடக்கும். கடிதம் எழுதும் முன், சமர்ப்பிப்புத் தளத்தில் தொடர்பு ஆசிரியருக்கு எந்த மின்னஞ்சல் பதிவாகியிருக்கிறது என்று பாருங்கள். ஏஜென்சி உங்கள் பெயரில் திறந்த முகவரியாக இருந்தால், எடிட்டர் அனுப்பும் ஒவ்வொரு கேள்விக்கும் உங்களுக்குத் தெரியாமல் அவர்கள்தான் பதில் எழுதிக்கொண்டிருப்பார்கள்.