"புதிய தோற்றம்" என்று ஹோஸ்டிங் நிறுவனம் மின்னஞ்சல் அனுப்பினால் உஷார்!

மொரீஷியஸில் கோவிலுக்கோ சங்கத்துக்கோ தமிழ் வகுப்புக்கோ இணையதளம் நடத்துபவர்கள் இதைத் தயவுசெய்து முழுதாகப் படியுங்கள்.

எங்கள் கோவில் தளத்தை வைத்திருந்த ஹோஸ்டிங் நிறுவனம், காவடி விரதம் தொடங்கும் நேரம் பார்த்து, தளத்தை நிர்வகிக்கும் திரையான கன்ட்ரோல் பேனலை மாற்றியது. "புதிய தோற்றம், எளிய மெனு, நீங்கள் எதுவும் செய்யத் தேவையில்லை" என்றது மின்னஞ்சல். பழைய பேனலுக்குத் திரும்ப வழியே வைக்கவில்லை. மாறியது தோற்றம் மட்டுமல்ல. தளத்தையே வேறு சர்வருக்குக் கொண்டுபோய், தளத்தின் எழுத்தெல்லாம் சேமித்திருக்கும் டேட்டாபேஸையும் புதிதாக ஏற்றியிருக்கிறார்கள். இது எங்களுக்குப் பிறகுதான் தெரியவந்தது.

தளத்தில் வழிபாட்டுப் பாடல்கள் இருந்தன. ஒவ்வொரு வரியும் தமிழில், அதன் கீழே அதே வரி பிரெஞ்சு எழுத்தில். தமிழ் படிக்கத் தெரியாத பிள்ளைகள் இங்கே நிறைய. கீழ்வரியைப் பார்த்துத்தான் பாடுவார்கள். மாற்றம் வந்த பிறகு கீழ்வரி அப்படியே இருந்தது, மேல்வரி முழுக்கக் கேள்விக்குறி. "வேல்" இருந்த இடத்தில் "????". கொம்பும் புள்ளியும் தனித்தனிக் குறியீடு என்பதால் இரண்டு எழுத்துக்கு நான்கு. எங்கள் தமிழ் ஆசிரியர் ஐயா இந்த வயதிலும் ஒவ்வொரு பாடலாக உட்கார்ந்து தட்டச்சு செய்தவை அவை. அவரிடம் சொல்லவே எனக்கு வாய் வரவில்லை.

சாட்டில் முறையிட்டால், "தளம் சரியாகத்தான் திறக்கிறது" என்று ஒரு ஸ்கிரீன்ஷாட் அனுப்பினார்கள். அதில் இருந்தது எங்கள் பிரெஞ்சு முகப்புப் பக்கம்!

நடந்தது இதுதான். எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவான யூனிகோட் குறியீட்டில் உள்ள தமிழ், அதைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு குறியீட்டுக்கும் மூன்று பைட் பிடிக்கும். புதிய டேட்டாபேஸை லத்தீன்-1 என்ற பழைய முறையில் உருவாக்கியிருந்தார்கள். மைஎஸ்க்யூஎல் என்ற டேட்டாபேஸ் மென்பொருளில், 2018இல் 8.0 பதிப்பு வரும்வரை இயல்பு அமைப்பே லத்தீன்-1தான். பிரெஞ்சின் உச்சரிப்புக் குறிகள் லத்தீன்-1இல் அடங்கும், தமிழ் அடங்காது. அடங்காததற்கெல்லாம் கேள்விக்குறி விழும். கேள்விக்குறிக்குப் பதில் புரியாத லத்தீன் எழுத்துகளாகத் தெரிந்தால் உள்ளே பைட்டுகள் பெரும்பாலும் பத்திரமாக இருக்கும், மீட்டுவிடலாம். டேட்டாபேஸிலேயே கேள்விக்குறி பதிந்துவிட்டால் மூல எழுத்து போனது போனதுதான்.

பேக்கப்பாவது இருக்குமே என்று தேடினோம். பழைய பேனலில் இலவசமாக இருந்த பேக்கப், புதியதில் தனிக் கட்டணம். அவர்கள் கைவசம் இருந்த பிரதியோ மாற்றத்துக்குப் பிறகு எடுத்தது, அதிலும் கேள்விக்குறிதான். பணத்தைத் திருப்பித் தரவும் மறுத்துவிட்டார்கள். இணையப் பக்கங்களின் பழைய பிரதிகளைச் சேமித்துவைக்கும் வேபேக் மெஷினில் சிக்கிய சில பக்கங்களிலிருந்து கொஞ்சம் பாடல்களை மீட்டோம். மற்றவற்றை ஐயாவும் பிள்ளைகளும் மறுபடி அடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

ஆகவே, இப்படி மின்னஞ்சல் வந்த அன்றே டேட்டாபேஸை எக்ஸ்போர்ட் செய்து உங்கள் கணினிக்கு இறக்கிவிடுங்கள். கோப்பை நோட்பேடில் திறந்து, தமிழ் தமிழாகவே தெரிகிறதா என்று கண்ணால் பாருங்கள். சர்வர் மாறுகிறதா, டேட்டாபேஸ் யூடிஎஃப்8எம்பி4இல் (மைஎஸ்க்யூஎல்லில் முழு யூடிஎஃப்-8க்கு வைத்த பெயர்) இருக்குமா, பழைய பேனல் எதுவரை திறந்திருக்கும் என்று எழுத்தில் பதில் வாங்குங்கள். தைப்பூசமோ வேறு திருவிழாவோ நெருங்கும்போது மாற்றத்தைத் தள்ளிப்போடச் சொல்லுங்கள். முடியாது என்றால், திருவிழாவுக்கு முன்பே வேறு இடம் பாருங்கள்.