கிளாரியான், நெட்ஆப், எக்ஸ்ஐவி: டேட்டாஷீட்ல ஒண்ணு, ரெண்டாவது வருஷத்துல வேற ஒண்ணு

சர்வர்களுக்கான ஸ்டோரேஜ் பாக்ஸ்ல (நிறைய டிஸ்க் அடங்கின பெட்டி) எது வேகம்னு கேட்டா எல்லாரும் ஐஆப்ஸ் நம்பரைத்தான் (ஒரு செகண்டுக்கு எத்தனை ரீட், ரைட்) நீட்டுறாங்க. அந்த நம்பர் எடுத்தப்போ பாக்ஸ் புதுசு, உள்ள பெருசா டேட்டா இல்ல, ஸ்னாப்ஷாட் (ஒரு நேரத்துல டேட்டா இருந்த நிலையைப் பிடிச்சு வெச்ச பிரதி) இல்ல, ஒரு டிஸ்க் கூட பழுதாகல. நம்ம டேட்டாபேஸ் ஓடுற பாக்ஸ் அப்படியா இருக்கு? சுழலுற டிஸ்க் காலத்துல நேருக்கு நேர் நின்ன மூணு டிசைனை எடுத்துக்கறேன்: இஎம்சி கிளாரியான், நெட்ஆப் எஃப்ஏஎஸ், 2008 தொடக்கத்துல ஐபிஎம் வாங்கின எக்ஸ்ஐவி. இன்னிக்கு ஃபிளாஷ் (சுழலாத சிப் ஸ்டோரேஜ்) வாங்குறவங்களுக்கும் இந்தக் கணக்கு தேவைப்படும்.

முதல்ல அடிப்படை. 15,000 ஆர்பிஎம் டிஸ்க் ஒண்ணு சுமாரா 180 ஐஆப்ஸ் தரும், 7,200 ஆர்பிஎம் சாட்டா 80 கிட்ட. 48 டிஸ்க் போட்டா 8,640 வருது இல்லையா, ஆனா டிஸ்க் போனாலும் டேட்டா தப்பிக்க பல டிஸ்க்கைச் சேர்த்து அடுக்குற ரெய்டு முறைக்கு விலை உண்டு: 70 சதவீதம் ரீட் 30 சதவீதம் ரைட்னு வெச்சா ரெய்டு 10-ல ஒரு ரைட்டுக்கு 2 டிஸ்க் ஆபரேஷன், ரெய்டு 5-ல 4, ரெய்டு 6-ல 6, அதனால கையில மிஞ்சுறது முறையே 6,600, 4,500, 3,450 அளவுதான். அதே டிஸ்க், அதே பணம், பாதிக்குப் பாதி வித்தியாசம்.

கிளாரியான் இந்தக் கணக்கை கேஷ் (வேகமான மெமரி) வெச்சு மறைக்கும். ரைட் வந்தா ரெண்டு எஸ்பியோட (ஸ்டோரேஜ் ப்ராசஸர், அதாவது பாக்ஸை ஓட்டுற கண்ட்ரோலர்) மெமரியிலயும் எழுதிட்டு உடனே ஓகே சொல்லிடும், ஒரு மில்லிசெகண்டுக்குள்ள முடிஞ்சிடும், அருமையா இருக்கும். கேஷ் நிரம்பினா ஃபோர்ஸ்டு ஃப்ளஷ், அதாவது கட்டாயமா டிஸ்க்குல கொட்டும், அப்புறம் ஹோஸ்ட் (எழுதற சர்வர்) நேரா டிஸ்க்கோட வேகத்துக்கே காத்து நிக்கணும். இதை ராத்திரி பேட்ச் ஜாப்லதான் பார்க்க முடியும், பத்து நிமிஷ டெமோல வரவே வராது. ஒரு எஸ்பி விழுந்தா மிரர் பண்ண ஆளில்லாம ரைட் கேஷே ஆஃப் ஆயிடும், அதாவது பிரச்சனை நடக்குற நேரத்துலதான் பாக்ஸ் இன்னும் மெதுவாகும்.

நெட்ஆப் வழி வேற. அதோட ஃபைல் சிஸ்டமான வாஃபில் பழைய பிளாக் (டேட்டா துண்டு) மேல திரும்ப எழுதாது, என்விரேம்ல (கரண்ட் போனாலும் அழியாத மெமரி) லாக் பண்ணிட்டு, காலியா இருக்கற இடமா பார்த்து முழு ஸ்ட்ரைப்பா (எல்லா டிஸ்க்லயும் குறுக்கே ஒரே வரிசையா) கொட்டிடும். அதனால ரெய்டு 6 மாதிரி டபுள் பேரிட்டி (ரெண்டு டிஸ்க் போனாலும் மீட்க உதவற கூடுதல் தகவல்) போட்டும் ரேண்டம் ரைட்டுக்கு அந்த 6 மடங்கு அடி விழாது, இது நிஜமாவே கெட்டிக்கார டிசைன். ஸ்னாப்ஷாட்டும் கிட்டத்தட்ட இலவசம். கிளாரியான்ல ஸ்னாப்ஷாட் போட்டா, ஒரு பிளாக் மேல முதல் தடவை எழுதும்போது பழசைப் படிச்சு வேற இடத்துல காப்பி பண்ணிட்டுதான் புதுசு எழுதணும். 2008-ல நெட்ஆப் தானே சிஎக்ஸ்3-40ங்கற ஒரு கிளாரியான் மாடலை எஸ்பிசி-1 (ஸ்டோரேஜ் வேகத்தை அளக்கற பொதுவான டெஸ்ட்) டெஸ்ட் பண்ணி ரிசல்ட்டை வெளியிட்டுச்சு, ஸ்னாப்ஷாட் போட்டதும் அது எவ்வளவு சரியுதுன்னு காட்டினாங்க. இஎம்சி ஆளுங்க கான்ஃபிகரேஷனே சரியில்லன்னு சண்டைக்கு வந்தாங்க. போட்டியாளர் செட் பண்ணின பாக்ஸோட நம்பரை நான் எடுத்துக்க மாட்டேன், ஆனா ஸ்னாப்ஷாட் விஷயத்துல மெக்கானிசம் நெட்ஆப் பக்கம்தான்.

நெட்ஆப்போட இந்த வழிக்கும் வேற விலை இருக்கு. 85, 90 சதவீதம் நிரம்பினா முழு ஸ்ட்ரைப்புக்கு இடம் கிடைக்காம துண்டு துண்டா எழுத ஆரம்பிக்கும், லேட்டன்ஸி (ஒரு ரீட், ரைட் முடிய ஆகற நேரம்) ஏறும். இன்னொண்ணு, ரேண்டமா அப்டேட் ஆன டேபிளை பின்னாடி முழுசா ஸ்கேன் பண்ணினா பிளாக்கெல்லாம் சிதறிக் கிடக்கும், பேக்கப் நேரம் மாசா மாசம் நீளும். ரீஅலோகேட் (சிதறின பிளாக்கைத் திரும்ப வரிசையா அடுக்குற வேலை) ஓட்டலாம், அதுவும் டிஸ்க்கோட நேரத்தைத்தான் தின்னும்.

எக்ஸ்ஐவி 180 சாட்டா டிஸ்க்லயும் ஒவ்வொரு வால்யூமையும் 1 எம்பி துண்டா பரப்பிடும், ரெண்டு காப்பி. ஹாட் ஸ்பாட்னு (சில டிஸ்க் மேல மட்டும் சுமை குவியறது) ஒண்ணு கிடையாது, ட்யூனிங் வேலை இல்ல, நிறைய சர்வர் சேர்ந்து அடிச்சா அசராது. 1 டிபி டிஸ்க் ஒண்ணு போனா அரை மணி நேரத்துல ரீபில்டு முடியும், ரெய்டு குரூப்ல அதுக்கு மணிக்கணக்கு. ஆனா அந்த அரை மணிக்குள்ள வேற மாட்யூல்ல (டிஸ்க்குகள் இருக்கற தனிப் பெட்டி) இன்னொரு டிஸ்க் போனா எல்லா வால்யூமுக்கும் ஆபத்து. ஒரே த்ரெட்ல ஒவ்வொரு பிளாக்கா படிக்கற ஜாப்னா கேஷ்ல இல்லாத ஒவ்வொரு ரீடுக்கும் 12, 13 மில்லிசெகண்ட், 15கே டிஸ்க்ல அது 6 தான். மொத்த ஐஆப்ஸ் எவ்வளவு இருந்தாலும் அந்த ஜாப் ரெண்டு மடங்கு நேரம் எடுக்கும்.

அந்தக் காலக் கணக்குல என்னோட முடிவு: ஸ்னாப்ஷாட் நிறைய, ஃபைல், விஎம் (விர்ச்சுவல் மெஷின்) எல்லாம் கலந்து இருந்தா நெட்ஆப், 20 சதவீதம் இடம் காலியா விடுற ஒழுக்கம் இருந்தா மட்டும். லேட்டன்ஸியே உயிரா இருக்கற ஒரே பெரிய ஆரக்கிள் டேட்டாபேஸ்னா கிளாரியான் ரெய்டு 10. ஸ்டோரேஜ் பார்க்க தனி ஆள் இல்லாத பெரிய கலவை சுமைக்கு எக்ஸ்ஐவி.

எஸ்பிசி-1-ல சராசரி 30 மில்லிசெகண்ட் வரைக்கும் அனுமதிக்கிறாங்க, டேட்டாபேஸைப் பார்த்துக்கற எந்த டிபிஏவும் அதை ஒத்துக்க மாட்டார், அதனால நீங்களே டெஸ்ட் பண்ணுங்க. முக்கால்வாசி நிரப்பிட்டு, ஸ்னாப்ஷாட் போட்டுட்டு, மணிக்கணக்கா ஓட்டுங்க, நடுவுல ஒரு டிஸ்க்கை உருவுங்க. டீடூப் (ஒரே டேட்டா திரும்ப வந்தா ஒரு தடவை மட்டும் சேமிக்கறது) இருக்கற ஃபிளாஷ் பாக்ஸ்னா பூஜ்யமா எழுதாதீங்க, ஃபிளாஷைத் தொடாமலே பெரிய நம்பர் வந்துடும். கடைசியா ஒரு கண்ட்ரோலரை நிறுத்திப் பாருங்க, ரெண்டும் 70 சதவீதத்துல ஓடிட்டு இருந்தா மிச்சம் இருக்கற ஒண்ணு 140-ஐத் தாங்காது, ஃபிளாஷ் போட்டாலும் தாங்காது.