பேப்பர் மழைச் செய்தி: ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம்

மதிப்பெண்ணை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஐந்துக்கு இரண்டு. அந்த இரண்டும் முதல் பக்கத் தலைப்புக்கு அல்ல, உள்ளே ஏதோ ஒரு மூலையில் பொடி எழுத்தில் வரும் மழை அளவுப் பட்டியலுக்கு. எந்தப் பத்திரிகையையும் தனியாகக் குறிவைக்கவில்லை. காலையில் வாசலில் விழும் பேப்பர், டீக்கடையில் கிடக்கும் மாலைப் பேப்பர், கைப்பேசியில் ஓயாமல் டிங் டிங் என்று கத்தும் செய்தி ஆப் எல்லாவற்றுக்கும் சேர்த்துத்தான் இந்த விமர்சனம், ஏனென்றால் அக்டோபர் பிறந்து வடகிழக்குப் பருவமழைப் பேச்சு வந்துவிட்டால் எல்லோரும் ஒரே மாதிரிதான் எழுதுகிறார்கள்.

"உஷார் மக்களே", "வெளுத்து வாங்கப் போகுது", "மிரட்டும் புயல்", "18 மாவட்டங்களுக்கு எச்சரிக்கை". இதுகூடப் பரவாயில்லை. கேள்விக்குறி போட்டு வருமே, "தமிழகத்துக்கு ஆபத்தா?" என்று, அதுதான் எரிச்சல். உள்ளே போய், விளம்பரங்களை மூடி மூடிக் கீழே இறங்கினால், கடைசிக்கு முந்தின பத்தியில் "தற்போதைக்குப் பாதிப்பு இல்லை" என்று இருக்கும். பதில் தெரிந்துகொண்டேதான் கேள்வி கேட்கிறார்கள்.

மழை ஆர்வலர்கள் என்று ஒரு கூட்டம் இருக்கிறது. ரேடார் படத்தைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுகிறவர்கள், மொட்டை மாடியில் மழைமானி வைத்திருப்பவர்கள், "மாடல் என்ன சொல்லுது" என்று, அதாவது வானிலையைக் கணிக்கும் கணினி நிரல் என்ன சொல்கிறது என்று, நடுராத்திரியில் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்பவர்கள். நானும் அந்தக் கூட்டத்தின் கடைசி வரிசையில் இருக்கிறேன். எங்களுக்கு இந்தத் தலைப்புகள் மேல் ஏன் இவ்வளவு கடுப்பு என்றால், அவை பொய் என்பதால் அல்ல. பெரும்பாலும் பொய் இல்லை. வானிலை ஆய்வு மையத்தின் அறிக்கையில் இருப்பதைத்தான் எடுக்கிறார்கள், ஆனால் அதில் முக்கியமான இரண்டைக் கழற்றிவிடுகிறார்கள்: எத்தனை இடத்தில், எத்தனை மணி வரை.

முதலில் இடம். நுங்கம்பாக்கத்தில் உள்ள அந்த மையத்திலிருந்து வரும் அறிக்கையில் "ஓரிரு இடங்களில் கனமழை பெய்ய வாய்ப்பு" என்று இருந்தால், அது பேச்சுக்குச் சொன்னது இல்லை, அதற்கு அளவு இருக்கிறது. அந்தப் பகுதியில் உள்ள மழைமானி நிலையங்களில் கால் பங்கு வரைக்கும்தான் ஓரிரு இடங்கள். அதற்கு மேல் பாதி வரை ஒரு வார்த்தை, முக்கால் வரை ஒன்று, அதையும் தாண்டினால்தான் பெரும்பாலான இடங்கள். கனமழைக்கும் அளவு உண்டு, 24 மணி நேரத்தில் சுமார் 6.5 செ.மீ.யில் ஆரம்பிக்கிறது. 11.5 செ.மீ. தாண்டினால் மிக கனமழை, 20 செ.மீ.யும் தாண்டிப் போனால் அதி கனமழை. ஆக "விழுப்புரம் மாவட்டத்தில் ஓரிரு இடங்களில் கனமழை" என்றால் மரக்காணத்தில் கொட்டித் தீர்த்து, செஞ்சியில் துணி காய்ந்தாலும் அறிக்கை சரிதான். தலைப்பில் அது "விழுப்புரத்தில் கனமழை" என்று ஆகிவிடும். செஞ்சிக்காரர் அண்ணாந்து பார்த்துவிட்டு, வானிலைக்காரங்க சொன்னா நடக்காதுப்பா என்று போய்விடுவார். கெட்ட பெயர் யாருக்கு?

அப்புறம் நேரம். "அடுத்த 3 மணி நேரத்தில் 14 மாவட்டங்களில் மழை" என்று ஆப்பில் வருகிறதே, அது ரேடாரைப் பார்த்து உடனுக்குடன் தருவது. ஆயுளே மூன்று மணி நேரம்தான். பகல் ஒரு மணிக்குக் கொடுத்ததை இரண்டு மணிக்குச் செய்தியாக்கி, அது என் கைப்பேசிக்கு மூன்றரைக்கு வந்து சேர்ந்து, நான் ஐந்து மணிக்குப் பார்த்தால் அந்த அடுத்த மூன்று மணி நேரம் எந்த மூன்று மணி நேரம்? தலைப்பில் நேரம் இருக்காது. நாலு நாள் கழித்து யாராவது அதே இணைப்பைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடுவார்கள், பெரியம்மா போன் செய்து "வெளிய போகாதேடா" என்பார். இந்தச் சேவைக்கு நான் அரை நட்சத்திரம்கூடக் கொடுக்க மாட்டேன்.

2024 அக்டோபரை எடுத்துக்கொள்ளலாம். 16ஆம் தேதிக்குச் சென்னை, திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டு நான்கு மாவட்டங்களுக்கும் ரெட் அலர்ட். வேளச்சேரி மேம்பாலத்தில் கார்களைக் கொண்டுபோய் வரிசையாக நிறுத்தினார்கள், பாலும் பிரெட்டும் கடையில் இல்லை. 15ஆம் தேதி நன்றாகவே பெய்தது, அதிலும் புழல், சோழவரம் பக்கம் பெய்த பெய்யலுக்குத் தென்சென்னை பக்கத்திலேயே வர முடியாது. 16ஆம் தேதியோ மழை மேகக் கூட்டம் ஆந்திரா பக்கம் நகர்ந்துவிட்டது, இங்கே வெயில் எட்டிப் பார்த்தது. இந்த மழைக்குக் காரணமான தாழ்வு மண்டலம் 17ஆம் தேதி அதிகாலையில் சென்னைக்கு வடக்கே சத்தமில்லாமல் கரையேறியது. உடனே முந்தின நாள் "சென்னை தாங்குமா" என்று கேட்டவர்களே "ஏமாற்றிய மழை", "கணிப்பு பொய்த்தது" என்று அடுத்த தலைப்பைப் போட்டார்கள். இரண்டு பக்கமும் விற்பனை. அந்த மாதிரி அமைப்பில் மழைப் பட்டை 50 கி.மீ. வடக்கே தள்ளிப்போனாலே சென்னைக்குக் கதை மாறிவிடும் என்பதை முதல் நாள் யாராவது நாலு வரி எழுதியிருக்கலாம். ஆர்வலர்கள் அதைத்தான் பேசிக்கொண்டிருந்தார்கள்.

2018 அக்டோபர் 7க்கும் இதே கதைதான். ரெட் அலர்ட் என்ற வார்த்தையையே நம்மில் பலர் அப்போதுதான் முதலில் கேட்டோம், நாலு நாள் ஊரே நடுங்கியது, கடைசியில் விலக்கிக்கொண்டார்கள். 2019 ஏப்ரல் கடைசியில் ஃபனி புயல். தமிழகத்தை நோக்கி, சென்னையை நோக்கி என்று அம்புக்குறி போட்ட வரைபடங்கள். ஏரிகள் வற்றிக்கொண்டிருந்த கோடை அது, பயமுறுத்தும் தலைப்பைப் பார்த்து மழை ஆர்வலர்கள் பயப்படவில்லை, வராதா என்று ஏங்கினார்கள். அது வளைந்து மே 3 அன்று ஒடிசாவில் புரி அருகே போய்க் கரையைக் கடந்தது. நமக்கு மிச்சம் சுடு காற்றுதான், ஜூனில் லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நின்றோம்.

புயல் இப்படி வளையக்கூடும் என்பது மாடல் பார்க்கிறவர்களுக்குப் பல நாள் முன்பே ஒரு சாத்தியமாகத் தெரியும். ஐரோப்பிய வானிலைக் கணிப்பு மையத்தின் மாடலைத் தொடக்க நிலையில் சின்னச் சின்ன மாற்றங்களோடு 51 தடவை ஓட்டுகிறார்கள், ஒவ்வொரு ஓட்டமும் புயலின் பாதையை ஒரு கோடாகக் காட்டும். அந்த 51 கோடுகளும் நாகப்பட்டினத்திலிருந்து விசாகப்பட்டினம் வரை விரிந்து கிடந்தால், இன்னும் தெரியாது, பொறு என்று அர்த்தம். பத்திரிகை அதில் ஒரே ஒரு கோட்டை உருவி எடுக்கும், அது சென்னைக்கு வரும் கோடாக இருக்கும். அமெரிக்க மாடல் ஒரு நாளைக்கு நாலு தடவை ஓடி 16 நாள் வரைக்கும் படம் காட்டுகிறது. பத்தாவது நாளில் சிவப்பாக ஒரு சுழல் தெரிந்தால் அதை யாரோ ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் போட, அது செய்தியாகி வெளிவருவதற்குள் அடுத்த ஓட்டத்தில் அந்தச் சுழல் மியான்மருக்குப் போயிருக்கும், அல்லது காணாமலே போயிருக்கும்.

இதில் எங்கள் கூட்டத்துக்கும் பங்கு உண்டு, மறைக்கப் போவதில்லை. "தரமான சம்பவம் இருக்கு" என்று நவம்பர் பிறந்ததும் ஏற்றிவிடுகிறவர்கள் ஆர்வலர்களில்தான் இருக்கிறார்கள். சில யூடியூப் சேனல்களின் முகப்புப் படத்தைப் பார்த்தால் பத்திரிகைகள் எவ்வளவோ தேவலாம் என்று தோன்றும். ஆனால் பொறுப்பாக எழுதுகிறவர்களையும் தலைப்பு விடுவதில்லை. தமிழ்நாடு வெதர்மேன் என்ற பெயரில் எழுதும் மழை ஆர்வலர் பிரதீப் ஜான், வதந்தி கிளம்பினால் பயப்பட வேண்டாம் என்று எழுதியே பெயர் வாங்கியவர். அவர் பதிவை எடுத்துப் போடும்போது "வெதர்மேன் கொடுத்த ஷாக்" என்று ஆக்கிவிடுவார்கள். அந்தக் காலத்தில் வானிலை ஆய்வு மையத்தின் ரமணன் சாரைப் பள்ளி விடுமுறையோடு சேர்த்து எவ்வளவு கிண்டல் செய்தோம், ஆனால் 2016இல் அவர் ஓய்வு பெறும் வரை தொலைக்காட்சியில் ஒரே குரலில், ஏற்ற இறக்கம் இல்லாமல், வாய்ப்பு என்றால் வாய்ப்பு என்றுதான் சொன்னார். இப்போது நினைத்தால் அது பெரிய சேவை.

ஆய்வு மையமும் முழுக்க உத்தமம் என்று சொல்ல மாட்டேன். எச்சரிக்கை வரைபடத்தில் ஒரு மாவட்டம் முழுக்க ஒரே நிறத்தைப் பூசினால் பத்திரிகைக்காரர் மட்டும் என்ன செய்வார்.

சும்மா பயமுறுத்துவது மட்டும் என்றால் சிரித்துவிட்டுப் போகலாம். எனக்குப் பெரிய குறை, நிஜமாகவே ஆபத்து வரும் நாளில் இவர்களிடம் வார்த்தை மிச்சம் இருப்பதில்லை. 2024 நவம்பரில் ஃபெஞ்சல். காற்றின் வேகம் மணிக்கு 62 கி.மீ.யைத் தொட்டால்தான் புயல் என்று பெயர் வைப்பார்கள், அது 29ஆம் தேதிதான் நடந்தது, அதற்குச் சில நாள் முன்பிருந்தே தலைப்புகளில் ஃபெஞ்சல் புயல் வந்துவிட்டது. பேச்செல்லாம் சென்னை, சென்னை. 30ஆம் தேதி சென்னையிலும் நல்ல மழைதான், விமான நிலையத்தையே மூடினார்கள். ஆனால் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்து, நகராமல் அங்கேயே நின்று, புதுச்சேரியிலும் மயிலத்திலும் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் கொட்டியது. அதோடு முடியவில்லை. உள்ளே போய் கிருஷ்ணகிரி மாவட்டம் ஊத்தங்கரையில் 50 செ.மீ., திருவண்ணாமலையில் மண் சரிந்து ஏழு பேர் பலி, சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு ஒன்றரை லட்சம் கன அடிக்கு மேல் திறந்து தென்பெண்ணைக் கரை முழுக்க வெள்ளம். கிருஷ்ணகிரி மாவட்டத்துக்காரர் அந்த வாரம் முழுக்கப் பேப்பர் படித்திருந்தாலும் இது தன் ஊர்ப் பிரச்சினை என்று அவருக்குத் தோன்றியிருக்காது.

2023 டிசம்பர் இன்னும் மோசம். தூத்துக்குடி மாவட்டம் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. அது பல ஊர்களில் ஒரு வருடத்துக்குப் பெய்யும் மழைக்கு மேல், தமிழ்நாட்டின் மொத்த வடகிழக்குப் பருவமழைச் சராசரியே 44 செ.மீ.தான். "தென் மாவட்டங்களில் வெளுத்து வாங்கும்" என்று முந்தின மாதமும் எழுதினார்கள், அதற்கு முந்தின மாதமும் எழுதினார்கள். 7 செ.மீ.க்கும் அதே சொல், 95 செ.மீ.க்கும் அதே சொல் என்றால் தூத்துக்குடிக்காரர் எதை வைத்துப் பிரித்துப் பார்ப்பார்?

செம்பரம்பாக்கம் ஏரி விஷயமும் அப்படித்தான். 2015 டிசம்பரில் அங்கிருந்து 29,000 கன அடி திறந்த பயம் சென்னைக்கு இன்னும் போகவில்லை. அதைத் தெரிந்துகொண்டே, முன்னெச்சரிக்கையாக 100 கன அடி திறந்தாலும் "செம்பரம்பாக்கம் திறப்பு, கரையோர மக்களுக்கு வெள்ள அபாய எச்சரிக்கை" என்று கொட்டை எழுத்து. அடையாற்றில் 100 கன அடி எங்கே ஓடுகிறது என்று தேடித்தான் பார்க்க வேண்டும்.

கோடைக்கு இதே கடையில் வேறு சரக்கு. மே 4 ஆனால் "அக்னி நட்சத்திரம் இன்று தொடக்கம், வெயில் கொளுத்தும்", 28 வாக்கில் "கத்திரி விடைபெற்றது". பஞ்சாங்கத்தில் அது இருக்கட்டும், எனக்கு ஒன்றும் இல்லை. ஆனால் நுங்கம்பாக்கத்தில் இதுவரை பதிவான அதிக வெப்பம் 45 டிகிரி, அது பதிவானது 2003 மே 31, கத்திரி முடிந்த பிறகு. சென்னையில் ஒரு நாள் 37 டிகிரியோடு நிற்குமா 41க்கு ஏறுமா என்பது பெரும்பாலும் கடற்காற்று எத்தனை மணிக்கு உள்ளே வருகிறது என்பதைப் பொறுத்தது. மேற்கிலிருந்து காற்று பலமாக அடித்து அதைத் தடுத்தால் அன்று தோல் உரியும். இதை ஒரு பேப்பராவது மே மாதத்தில் எழுதினால் கூடுதலாக ஒரு நட்சத்திரம் தரத் தயார்.

சரி, அந்த இரண்டு நட்சத்திரம். காலை 8.30 மணியோடு முடிந்த 24 மணி நேரத்தில் எந்த ஊரில் எத்தனை செ.மீ. என்று ஒரு பட்டியல் வரும். மாஞ்சோலை, ஊத்து, நாலுமுக்கு, சின்னக்கல்லாறு, தேவாலா. இதைப் படித்துத்தான் நான் தமிழ்நாட்டு வரைபடமே கற்றேன். 2019 ஆகஸ்டில் நீலகிரி அவலாஞ்சிக்கு நேரே 80 செ.மீ.க்கு மேல் ஒரு எண் வந்தபோது அச்சுப் பிழை என்றுதான் நினைக்கத் தோன்றியது. கூடவே மேட்டூர் நீர்மட்டம் 120 அடிக்கு எவ்வளவு, வரத்து எவ்வளவு, திறப்பு எவ்வளவு. இதில் வெளுத்து வாங்குவதும் இல்லை, மிரட்டுவதும் இல்லை. தஞ்சாவூர் விவசாயி முதலில் புரட்டுவதும் இந்த இடம்தான்.

வாங்கலாமா என்று கேட்டால், நேற்று பெய்த மழைக்கு வாங்கலாம். நாளை பெய்யும் மழைக்கு மண்டல வானிலை மையத்தின் தளத்தில் மாவட்ட எச்சரிக்கையை நேரடியாகப் பார்த்துக்கொள்ளுங்கள், வெளியிட்ட நேரம் மேலேயே போட்டிருக்கும். இப்போதே கிளம்ப வேண்டும் என்றால் ரேடார் படம் போதும். பேப்பர் அலுவலகத்தில் இருப்பவர் யாராவது இதைப் படித்தால், அந்தப் பட்டியலை இப்போதெல்லாம் முதல் ஐந்தாறு ஊரோடு வெட்டிவிடுகிறீர்கள், முன்பு போல முழுசாகப் போடுங்கள்.