வீட்டை டிரஸ்டுக்கு மாற்றினால் பெயர் மறைந்துவிடும் என்று நம்பி ஏமாந்தேன்

"இனிமேல் யார் தேடினாலும் உங்கள் பெயர் வராது சார்." வீட்டை டிரஸ்டுக்கு மாற்றப் போனபோது இங்கே அமெரிக்காவில் வக்கீல் அலுவலகத்தில் சொன்ன இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் கேட்ட ஃபீஸைப் பேரம் பேசாமல் கொடுத்தேன். மூன்று மாதம் கழித்து என் இளைய மகன் போனை நீட்டி, "அப்பா, 11-ஆவது ஷரத்தில் என்னைப் பற்றி என்ன எழுதி வைத்திருக்கிறீர்கள்?" என்று கேட்டான்.

அவனுக்குக் கடன் தொல்லை உண்டு. அதனால் அவன் பங்கை 40 வயதுக்கு அப்புறம்தான் கையில் கொடுக்க வேண்டும் என்று நானும் மனைவியும் பல நாள் யோசித்து டிரஸ்ட் பத்திரத்தில் எழுதிய ஷரத்து அது. பீரோவுக்குள் பூட்டியிருக்க வேண்டிய காகிதம்.

நடந்தது என்னவென்றால், வீட்டை மாற்றும் பத்திரத்தைப் பதியும்போது டிரஸ்டி (டிரஸ்டின் சொத்தை நிர்வகிப்பவர்) யார், அவருக்கு என்ன அதிகாரம் என்பதற்கு ஆதாரம் கேட்டிருக்கிறார்கள். ஒன்றிரண்டு பக்கத்தில் ஒரு சுருக்கச் சான்று கொடுத்திருந்தாலே போதுமாம், பயனாளிகள் யார், யாருக்கு எவ்வளவு என்பதெல்லாம் அதில் வராது. வக்கீல் அலுவலகத்து ஆட்கள் 23 பக்க டிரஸ்ட் பத்திரத்தையும் அப்படியே சேர்த்துப் பதிந்துவிட்டார்கள், பதிந்ததை யார் வேண்டுமானாலும் எடுத்துப் படிக்கலாம். அமெரிக்காவில் பல மாநிலங்களில் இந்தச் சுருக்கச் சான்றுக்குச் சட்டமே இருக்கிறது. (இந்தியாவில் கதை வேறு. உயில் வழியாக இல்லாமல் அசையாச் சொத்தில் டிரஸ்ட் ஏற்படுத்தினால் அந்தப் பத்திரமே பதிவாக வேண்டும் என்கிறது 1882-ஆம் ஆண்டு டிரஸ்ட் சட்டத்தின் 5-ஆவது பிரிவு. அங்கே ஒவ்வொரு ஷரத்தையும் ஊரே படிக்கும் என்று நினைத்துத்தான் எழுத வேண்டும்.)

சரி, பெயராவது மறைந்ததா? டிரஸ்டுக்கு வைத்ததே எங்கள் குடும்பப் பெயர். மாற்றிக் கொடுப்பவர் என்ற இடத்தில் நான், டிரஸ்டி என்று கையெழுத்துப் போட்டதும் நான், வரி நோட்டீஸ் வரும் முகவரி அதே வீடு. நான் வாங்கியபோது பதிந்த கிரயப் பத்திரம் எப்படியும் அங்கேயேதான் இருக்கும். பெயர் வெளியே வரக்கூடாது என்றால் வாங்கும்போதே டிரஸ்ட் பெயரில் வாங்கி, குடும்பத்தோடு ஒட்டாத பெயர் வைத்து, வேறொருவரை டிரஸ்டியாகப் போட்டிருக்க வேண்டும், அப்போதும் பேங்கும் வரித்துறையும் உண்மையான பயனாளி யார் என்று கேட்கத்தான் செய்யும். இதையெல்லாம் முதல் நாளே சொல்வதற்குத்தானே ஃபீஸ்?

டிரஸ்ட் போடப் போகிறவர்கள் தயவுசெய்து பதிவுக்கு முந்தின நாளே, இணைப்புகள் உட்பட என்னென்ன தாள் உள்ளே போகிறது என்று முழுக் கட்டையும் வாங்கிப் புரட்டிப் பாருங்கள். நான் கையெழுத்துப் பக்கத்தை மட்டும்தான் பார்த்தேன்.

பதிந்ததை எடுக்க முடியுமா என்று போய்க் கேட்டேன். திருத்தம் வேண்டுமானால் புதிதாகப் பதியலாம், பழையது அப்படியே இருக்கும் என்றார்கள். திருத்தப் பத்திரம் எழுத அதே வக்கீல் அலுவலகம் தனி ஃபீஸ் கேட்கிறது.