ஜெட் தொட்டிக்குக் கிருமி நீக்கம் செய்ய வருகிறவர்கள்: கல்லடி, பாசிக்குடாப் பக்கம் உள்ளவர்கள் கவனம்

மட்டக்களப்பில் வெளிநாட்டுக் காசில் எழும்பும் வீடுகள் சிலவற்றில் மாடிக் குளியலறையில் ஜெட் தொட்டி, அதாவது பக்க வாய்களால் நீரைப் பீய்ச்சும் குளியல் தொட்டி, ஒன்றும் ஏறிவிடுகிறது. பாசிக்குடா ஹோட்டல்களில் தங்கிப் பார்த்த ஆசை. வீட்டுக்காரர்கள் ஆடி அமாவாசைக்கு மாமாங்கம் தீர்த்தம் ஆட வருவார்கள், சில வாரம் அதில் குளிப்பார்கள், போய்விடுவார்கள். மீதிக் காலமெல்லாம் தொட்டி சும்மா கிடக்கும். இப்படிக் கிடக்கும் தொட்டிகளைத் தேடி ஒரு கூட்டம் வான் வண்டியில் சுற்றுகிறது. எங்கள் அக்காவின் கல்லடி வீட்டில் அவர்கள் பார்த்த வேலையைத்தான் எழுதுகிறேன். பெயர் போடவில்லை. போட்டாலும் பயனில்லை, முகநூலில் அவர்களுடைய பெயர் மாறிக்கொண்டே இருக்கிறது.

அக்கா சுவிஸிலிருந்து வரும் முன் தொட்டியை ஒருமுறை ஓடவிட்டுப் பார்த்தேன். ஜெட் வாய்களிலிருந்து கறுப்புத் தோல் போன்ற துண்டுகள் வெளியே வந்தன. சேற்று நாற்றம் வேறு. முகநூலில் விளம்பரம் கண்ணில் பட்டது: "வைத்தியசாலைத் தரத்தில் கிருமி நீக்கம், சான்றிதழுடன்." தொலைபேசியில் கேட்டபோது எல்லாம் சேர்த்து 7,500 ரூபாய் என்றார்கள்.

வந்தவர்களில் ஒருவன் கழுத்துப்பட்டி கட்டியவன், பேச்சு அவனுடையது. மற்ற இருவரும் சின்னப் பையன்கள். கழுத்துப்பட்டிக்காரன் முதலில் தொட்டியைத் தொடவே இல்லை. பையிலிருந்து ஒரு காகிதப் பட்டியை எடுத்தான். தொட்டியின் அடியில் நின்ற நீரில் தோய்த்தான். சில நொடிகளில் அதன் ஒரு கட்டம் ஊதா நிறமானது. "அன்ரி, இந்த நிறம் வந்தால் ஆபத்தான கட்டம். நுரையீரலுக்குப் போகிற கிருமி" என்று அம்மாவின் முகத்துக்கு நேரே பட்டியை நீட்டினான். அம்மாவுக்கு எழுபது தாண்டிய வயது, தொய்வு வருத்தம் உள்ளவர். அவர் கதிரையைப் பிடித்துக்கொண்டார்.

அதன் பிறகு விலை ஏறியது. 7,500 என்பது வெறும் வருகைக் கட்டணமாம். ஒரு ஜெட் வாய்க்கு 2,500 வீதம் எட்டு வாய்க்கு 20,000. வெளிநாட்டு மருந்துக்கு 6,000. மொத்தம் 33,500 ரூபாய். நான் வாதாடிக்கொண்டிருக்க, அம்மா அக்காவுக்கு அழைத்துவிட்டார். "கொடுத்துவிடு, பிள்ளைகள் குளிக்கிற தொட்டி" என்றாள் அக்கா. அவளுக்குக் காட்டவும் வட்ஸ்அப்பில் அந்த ஊதாப் பட்டி தயாராக இருந்தது.

அந்தப் பட்டியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் முழு ஏமாற்றும் அதில்தான் நிற்கிறது. நீச்சல் குளங்களில் நீரின் தன்மை பார்க்கப் பயன்படுத்தும் சாதாரணப் பட்டி அது. குளோரின், அமில காரத்தன்மை, நீரின் கடினத்தன்மை (சுண்ணாம்பு போன்ற உப்புகளின் அளவு) ஆகியவற்றைக் காட்டும். கிருமியைக் காட்டாது. கழிவுக் கூடையில் அவர்கள் போட்டுவிட்டுப் போன பெட்டியில் இரண்டு பட்டிகள் மீதம் இருந்தன. ஒன்றை எங்கள் கிணற்று நீரில் தோய்த்தேன். அதே ஊதா. மற்றொன்றைப் போத்தலில் வாங்கிய குடிநீரில் தோய்த்தேன். நிறம் மாறவே இல்லை. கல்லடி மணலில், கடலுக்கும் வாவிக்கும் நடுவே தோண்டிய கிணறு, அந்த நீர் கடினமாக இல்லாவிட்டால்தான் அதிசயம். நுரையீரலைத் தாக்கும் லெஜியோனெல்லா போன்ற கிருமியை உறுதிப்படுத்த ஆய்வுகூடத்தில் மாதிரியை வைத்து வளர்க்கும் வழக்கமான சோதனைக்குப் பல நாட்கள் ஆகும். சில நொடியில் காகிதத்தில் கண்டுபிடிக்கிறேன் என்று ஒருவன் சொன்னால், அந்த இடத்திலேயே அவனுக்கு வழியைக் காட்டலாம்.

இனி அவர்கள் செய்த "வேலை". ரோஜா நிறத் திரவம் ஒன்றைத் தெளித்து, பாத்திரம் துலக்கும் பச்சைத் தும்பால் தொட்டியைத் தேய்த்தார்கள். அக்ரிலிக் பரப்பு அது. இப்போது வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் கீறல்கள் வலைபோலத் தெரிகின்றன. பிறகு ஒவ்வொரு ஜெட் வாய்க்குள்ளும் பிளீச் ஊற்றினார்கள். அதைக் கழுவாமல், டைல்ஸ் கறை போக்கும் அமிலத்தை அதற்கு மேலேயே ஊற்றினார்கள்.

இதைப் படிக்கிற யாருக்கும் அந்த மணம் வர வேண்டாம். கண் எரிந்தது, தொண்டை அடைத்தது, பக்கத்து அறையில் இருந்த அம்மா இருமத் தொடங்கி நிறுத்த முடியாமல் தவித்தார். யன்னல்களைத் திறந்துவிட்டு அவரைக் கீழே கொண்டு போனேன். படியில் பின்னாலிருந்து கழுத்துப்பட்டிக்காரனின் குரல்: "பயப்படாதீர்கள் அன்ரி, மருந்து வேலை செய்கிற வாசம்." பிளீச்சில் இருப்பது சோடியம் ஹைப்போகுளோரைட். அதோடு அமிலம் சேர்ந்தால் குளோரின் வாயு பிறக்கும். முதலாம் உலகப் போரில், 1915இல், பெல்ஜியத்தின் ஈப்ரெ போர்க்களத்தில் படையினரைக் கொல்லத் திறந்துவிட்ட அதே வாயு. வினாகிரி சேர்த்தாலும் இதே விளைவுதான். அமோனியா கலந்த துப்புரவுத் திரவம் சேர்ந்தால் குளோரமின் என்ற வேறொரு நச்சு வாயு. மூடிய குளியலறையில் இப்படி மணம் எழுந்தால் முதலில் ஆட்களை வெளியே எடுங்கள், மூச்சுத் திணறினால் 1990 என்ற அம்பியூலன்ஸ் இலக்கத்துக்கு அழையுங்கள். அம்மாவுக்கு நல்லவேளை முற்றத்துக் காற்றிலேயே இருமல் தணிந்தது. அந்தப் பையன்களோ முகக்கவசம்கூட இல்லாமல் உள்ளேயே நின்றார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை.

போகும்போது பிளாஸ்டிக் உறை போட்ட சான்றிதழ் ஒன்றைத் தந்தார்கள். 99.9 வீதம் கிருமி அற்றது, ஆறு மாத உத்தரவாதம், பொன் நிறத்தில் ஒரு முத்திரை. பற்றுச்சீட்டு கேட்டேன், வட்ஸ்அப்பில் அனுப்புவதாகச் சொன்னார்கள். வரவில்லை.

அக்கா வந்தாள். தொட்டியை நிரப்பினாள். சுவிட்சைப் போட்டாள். அதே கறுப்புத் தோல் மிதந்தது.

கழுத்துப்பட்டிக்காரனின் இலக்கம் அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. தொட்டியைப் பொருத்திய பிளம்பர் அண்ணனை அழைத்தோம், காத்தான்குடிக்காரர். வந்ததும் ட்ரிப் சுவிட்சை இறக்கினார், தொட்டியின் பக்கச் சுவரில் கீழே இருக்கும் உறிஞ்சு மூடியில் கைவைத்தார். "இந்த ஆணியைப் பாருங்கள் தங்கச்சி, சுண்ணாம்பு பிடித்து மூடிக் கிடக்கிறது. பொருத்திய நாளுக்குப் பிறகு இதை ஒருவரும் கழற்றவில்லை" என்றார். கழற்றினார். உள்ளே தலைமயிர்ச் சுருளும், அதைச் சுற்றி விரல் தடிப்பில் வழுவழுப்பும். 33,500 ரூபாய்க்கு அவர்கள் கிட்டவும் போகாத இடம் அது.

தொட்டிக்குள் அழுக்கு எங்கே இருக்கிறது என்று தெரிந்தவரை யாரும் இப்படி ஏமாற்ற முடியாது. ஜெட் தொட்டியில் பம்ப் அந்த மூடி வழியாக நீரை உறிஞ்சி, குழாய்களில் ஓட்டி, காற்றோடு கலந்து ஜெட் வாய்களால் பீய்ச்சுகிறது. குளித்த உடம்பின் அழுக்கு, சவர்க்காரம், எண்ணெய் எல்லாம் அந்தக் குழாய்களுக்குள் போய் வருகின்றன. அடைப்பைத் திறந்து வடித்தாலும் குழாயின் வளைவுகளிலும் பம்பிலும் கொஞ்சம் நீர் நின்றுவிடும். அதில் பாசிபோல ஒரு படலம் படிகிறது, கிருமிகள் அதற்குள் பதுங்கி வளர்கின்றன. கிணற்று நீரின் சுண்ணாம்புப் படிவு அதற்கு நல்ல பிடிமானம். வெளியே தெரியும் பரப்பை எவ்வளவு மினுக்கினாலும் இந்தப் படலத்துக்கு ஒன்றும் ஆகாது.

லெஜியோனெல்லா 20 முதல் 45 பாகை வரையான வெப்பத்தில் பெருகும். வெயிலில் காயும் எங்கள் மொட்டைமாடித் தாங்கியின் நீர் ஆண்டு முழுவதும் அந்த எல்லைக்குள்தான். ஜெட் பீய்ச்சும்போது எழும் நுண்ணிய நீர்த்துளியை மூச்சோடு இழுப்பதே ஆபத்து, வயதானவர்களுக்கும் சுவாச நோயாளருக்கும் கூடுதலாக. 1999இல் நெதர்லாந்தின் போவென்கார்ஸ்பெல் ஊரில் ஒரு மலர்க் கண்காட்சியில் பார்வைக்காக ஓடவிட்டிருந்த சுழல்நீர்த் தொட்டியிலிருந்து பரவிய இந்தக் கிருமியின் நோயில் 30 பேருக்கு மேல் இறந்தார்கள். அவர்கள் அந்தத் தொட்டியில் குளித்தவர்கள்கூட இல்லை. கழுத்துப்பட்டிக்காரன் நுரையீரல் என்று சொன்ன அந்த ஒரு சொல் உண்மை. அதை வைத்துக் காசு பறித்தான், அதற்கான வேலையைச் செய்யவில்லை.

பிளம்பர் அண்ணன் சொல்ல நாங்கள் செய்தது இது. மூடியையும் அதன் பின்பக்கத்தையும் தூரிகையால் தேய்த்துக் கழுவி, திரும்பப் பூட்டினோம். மூடி இல்லாமல் பம்பை ஓட்டக் கூடாது, தலைமயிரை இழுத்துவிடும். காற்றுத் திருகுகளை மூடி, மேல் ஜெட் வாய்க்கு மேலே நான்கு விரல் நிற்கும்படி சுடுநீர் நிரப்பினோம். நீர் குறைந்தால் கூரைவரை பீய்ச்சும், வறண்டு ஓடினால் பம்பே பழுதாகும். பாத்திரம் கழுவும் இயந்திரத்துக்கான தூளைக் கொழும்பிலிருந்து எடுப்பித்திருந்தோம், அதில் இரண்டு மேசைக்கரண்டி. சாதாரணப் பாத்திரத் திரவம் போட்டால் குளியலறை நுரைக்குள் மூழ்கிவிடும். கால் மணி நேரம் ஓடவிட்டதும் வந்த நீரின் நிறத்தை நான் விவரிக்கப்போவதில்லை. வடித்தோம், திரும்பச் செய்தோம், தோல் வருவது நிற்கும்வரை.

பிளீச் அதன் பிறகுதான். அழுக்கு இருக்கும்போது ஊற்றினால் குளோரின் அழுக்கோடு சண்டை பிடித்தே தீர்ந்துபோகும், கிருமிக்கு மிஞ்சாது. குளிர்ந்த நீர் நிரப்பி, அரைக் கோப்பை பிளீச் விட்டு, யன்னலைத் திறந்து வைத்துப் பத்து நிமிடம் ஓட்டினோம். வடித்து, வெறும் நீரால் மறுபடியும் ஓட்டிக் கழுவினோம். சில தொட்டிகளுக்குப் பிளீச் ஆகாது, அதனால் கையேட்டை முதலில் பாருங்கள். சுண்ணாம்புக் கறைக்கு எலுமிச்சை உப்பு (சிட்ரிக் அமிலம்) போதும், ஆனால் அதுவும் அமிலம் என்பதால் வேறொரு நாளில், பிளீச் துளியும் இல்லாதபோது. எல்லாச் செலவும் 4,000 ரூபாயைத் தாண்டவில்லை, பிளம்பர் அண்ணனின் கூலி உட்பட. அவர் அதையும் வாங்க மறுத்துத் தேநீரோடு எழும்பப் பார்த்தார்.

யாரையாவது அழைப்பதானால் தொலைபேசியிலேயே கேளுங்கள்: உறிஞ்சு மூடியைக் கழற்றுவீர்களா, தொட்டியை நிரப்பி ஓட்டுவீர்களா. பட்டி, சான்றிதழ், வாய்க்கு இவ்வளவு என்று பேச்சு போனால் வைத்துவிடுங்கள்.

நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு முறைப்பாடு எழுதிக் கொடுத்திருக்கிறேன். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி சேவை பெற்று மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும், விசாரிக்க 1977 என்ற இலக்கம் உண்டு. பற்றுச்சீட்டு இல்லாததால் வட்ஸ்அப் உரையாடல், அந்தச் சான்றிதழ், பட்டிப் பெட்டி மூன்றையும் படம் எடுத்து இணைத்தேன். இதே பொன் முத்திரைச் சான்றிதழ் கல்குடாப் பக்கம் ஒரு விருந்தினர் விடுதியில் தொங்குவதாக ஒருவர் சொன்னார். உங்கள் வீட்டிலும் இருந்தால் எறிந்துவிடாதீர்கள். திகதியையும் கொடுத்த தொகையையும் எனக்கு எழுதுங்கள், முறைப்பாடுகளைச் சேர்த்தே கொடுப்போம்.